மூன்று வரியில் முடிகிற கதை இல்லை இது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பாரிஸ் நோத்ர தாம் தீப்பிடித்து, சீராகி, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நோத்ர தாம் போன்ற கோதிக் கட்டடப் பாணிக்கு முந்தைய, 11, 12ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய ரோமனெஸ்க் பாணிக்கு அவர் கொடுத்த இடம் மூன்றே வரி. அரைவட்ட வளைவு, தடித்த சுவர், இருட்டு, ஒழுங்காகக் கட்டத் தெரியாத காலம் என்று ஒன்று. கூர்முனை வளைவு வந்தது, வெளிச்சமும் வந்தது என்று இன்னொன்று. போதாததற்கு, அந்தக் கோயில்களை மக்கள் பக்தியால் மனமுவந்து தாங்களே எழுப்பினார்கள் என்று மூன்றாவது. மூன்றிலும் தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கட்டட வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன், அதனால் கட்டத் தெரியாதவர்கள் என்ற வார்த்தைதான் முதலில் உறுத்தியது. அந்த ஆட்கள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்று பாருங்கள். அதற்கு முன்பு பெரிய கோயில்களுக்கு மேலே பெரும்பாலும் மரக்கூரைதான். மெழுகுவத்தி சாய்ந்தாலும் சரி, இடி விழுந்தாலும் சரி, எதிரி வந்து கொளுத்தினாலும் சரி, முதலில் எரிவது அதுதான், எரிந்து உள்ளே விழுந்தால் கீழே இருப்பதும் போச்சு. ஆகவே கூரையையும் கல்லாலேயே போட்டுவிடுவது என்று இறங்கினார்கள். கையில் இருந்தது கல், சுண்ணாம்புக் காரை, மரம், கயிறு, ஆள்பலம், அவ்வளவுதான். ரோமானியர்கள் காங்கிரீட் கலந்த பக்குவம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. கல்லை வளைத்து அரைவட்டக் கூரை போட்டால் பாரம் நேராகக் கீழே மட்டும் இறங்காது, நெல்லைத் திணித்த சாக்கு பக்கவாட்டில் பிதுங்குகிற மாதிரி இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் அவ்வளவு தடிமனில் சுவர் வைத்தார்கள். உள்முகமும் வெளிமுகமும் செதுக்கிய கல், நடுவில் உடைகல்லும் காரையும். சுவரில் பெரிய ஓட்டை விட்டால் பலம் போய்விடும் என்று தெரிந்தேதான் ஜன்னலைச் சின்னதாக விட்டார்கள்.

இன்றைக்குத் தளம் போடுவதற்கு முன்னால் சென்ட்ரிங் அடிக்கிறோமே, அன்றைக்கும் அதே வேலைதான். வளைவு எந்த வடிவமோ அந்த வடிவத்தில் மரச்சட்டம் கட்டி, அதன் மேல் கல்லை அடுக்கி, காரை இறுகும்வரை காத்திருந்து, அப்புறம் சட்டத்தைக் கழற்ற வேண்டும். சுண்ணாம்புக் காரை சிமென்ட் போலச் சட்டென்று பிடித்துக்கொள்ளாது. நீண்ட கூடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சட்டம் அடிப்பதென்றால் மரத்துக்கு எங்கே போவது? அதனால் கூடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். குறுக்கே ஒரு வளைவு, அதையடுத்து ஒரு துண்டுக் கூரை, அது இறுகியதும் அதே சட்டத்தை நகர்த்தி அடுத்த துண்டு. இந்தக் கோயில்களுக்குள் நின்று பார்த்தால் தூணும் குறுக்கு வளைவுமாக ஒரே இடைவெளியில் வரிசை போகுமே, அந்த அழகில் ஒரு பங்கு சென்ட்ரிங் மரத்தின் கணக்கிலிருந்து வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

விழவும் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிரான்சில் க்ளூனி மடத்துக் கோயிலில் 1125-ல் புதிதாகப் போட்ட கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் கோயிலின் நடுக்கோபுரம் 1107-ல் சரிந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்னால்தான் இரண்டாம் வில்லியம் மன்னனை அந்தக் கோபுரத்தின் கீழே புதைத்திருந்தார்கள், அந்தப் பாவியைப் புதைத்ததால்தான் விழுந்தது என்று ஊரே பேசிக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்திலேயே இதை எழுதிவைத்த மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி, கட்டடம் சரியாகக் கட்டப்படாததால் மன்னனைப் புதைக்காமல் இருந்திருந்தாலும் அது விழுந்திருக்கும் என்கிற மாதிரி ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த துறவி இவர்.

கூர்முனை வளைவு வந்துதான் கோதிக் பிறந்தது என்கிற வரிக்கு வருகிறேன். 1088-ல் தொடங்கிய க்ளூனியின் பெரிய கோயிலிலேயே கூர்முனை வளைவு இருந்தது. பிரான்சின் ஓட்டன் நகரத்துக் கோயிலிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் கோயில் 1093-ல் தொடங்கி 1133-ல் முடிந்தது. கூரையில் கல்லாலான விலா வளைவுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, இடையில் மட்டும் மெல்லிய கல்லை நிரப்பியிருக்கிறார்கள், நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகள் கூர்முனை, கூரையின் தள்ளலை வாங்க மாடத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கால்வட்ட வளைவுகள். கோதிக்கின் தொடக்கம் என்று எல்லாரும் காட்டுகிற பாரிஸ் சான் தெனி கோயிலின் கிழக்குப் பகுதி 1144-ல்தான் முடிகிறது. ஆக கருவிகள் எல்லாம் ரோமனெஸ்க் கொத்தனார்களின் பட்டறையிலேயே தயாராகிவிட்டன, பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சேர்த்து வேறு விதமாக ஆடினார்கள், அவ்வளவுதான். கோதிக்கின் அருமையை நான் குறைக்கவில்லை. முன்னால் வந்தவர்களை வெறும் படிக்கட்டாக்கிவிடாதீர்கள் என்கிறேன்.

இருட்டு என்பதும் பாதி உண்மைதான். இன்று நாம் பார்க்கிற வெறுங்கல் சுவர் பல இடங்களில் பூச்சும் வண்ணமும் உதிர்ந்தும் சுரண்டப்பட்டும் போனதன் மிச்சம். பிரான்சில் சான் சவான் என்ற ஊரில் அரைவட்டக் கூரை முழுக்க, தரையிலிருந்து ஏறக்குறைய 17 மீட்டர் உயரத்தில், நோவாவின் பேழை, பாபேல் கோபுரம் என்று பழைய ஏற்பாட்டைத் தீட்டி வைத்திருக்கிறார்கள், 1100-ஐ ஒட்டிய வேலை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலையில், ஸ்பெயின் பக்கம், போயி பள்ளத்தாக்கில் தாவுல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சான் கிளிமென்ட் கோயிலை 1123 டிசம்பர் 10-ல் மந்திரித்தார்கள், அதாவது செபம் சொல்லிப் புனிதப்படுத்தித் திறந்தார்கள், மறுநாளே அதே ஊரில் மாதாவின் பெயரால் இன்னொன்றை. சான் கிளிமென்ட்டின் பீடத்துக்கு மேலே நீலமும் சிவப்புமாகக் கிறிஸ்து அமர்ந்திருந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போவதற்குள் காப்பாற்ற வேண்டியிருந்தது, அது 1920-ஐ ஒட்டி நடந்தது. வண்ணத்தை எடுத்தபின் சுவரைப் பார்த்து இருட்டு என்றால் என்ன சொல்வது!

சரி, கட்டுமானத்தை விடுவோம். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. இந்தக் கோயில்களை அந்தக் காலத்து ஜனங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள், யார் காசில் எழுந்தன, யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள் என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அது இல்லாமல் வளைவு வட்டமா கூரா என்று பேசுவதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

தென் பிரான்சில் கோங்க் என்று ஒரு மலைக்கிராமம். பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் அங்கே இருந்தது, ஆனால் நாலு பேர் தேடி வருகிற மாதிரி ஒரு புனிதரின் எலும்பு இல்லை. ஆஜென் நகரத்தில் இருந்தது. ரோமானியர் காலத்தில் வேதத்துக்காக உயிர்விட்ட ஃபோய் என்ற சிறுமியின் எலும்புகள். கோங்க் துறவி ஒருவர் ஆஜென் போய், அங்குள்ளவர்களோடு சேர்ந்து, வருஷக்கணக்கில் இருந்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று மடத்தின் சொந்தக் கதையே சொல்கிறது. 866 வாக்கில் நடந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் இதற்கு வெட்கப்படவே இல்லை. புனிதைக்கே இடம் மாற ஆசை, இல்லாவிட்டால் எடுக்க விட்டிருப்பாளா என்பது அவர்கள் வாதம். எலும்பை வைக்கப் பொன்தகடு போர்த்தி, மணிகள் பதித்து, அரியணையில் உட்கார்ந்த உருவம் ஒன்று செய்தார்கள். ஆஞ்சேயிலிருந்து படித்த பாதிரி ஒருவர், பெர்னார்ட் என்று பெயர், 1013 வாக்கில் வந்து பார்த்துவிட்டு முதலில் இது என்ன விக்கிரக வழிபாடு என்று முகம் சுளித்தார். பிறகு மனம் மாறி, புனிதை செய்த அற்புதங்களை அவரே எழுதி வைத்தார்.

கூட்டம் பெருகியது. ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோவுக்கு யாத்திரையாக நடந்து போகிற வழிகளில் ஒன்று கோங்க் வழியாகத்தான். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோயிலைத் தொடங்கினார்கள். இங்கேதான் வரைபடத்தைக் கவனிக்க வேண்டும். துறவிகள் இரவும் பகலுமாகப் பலமுறை பீடத்தருகே கூடிச் செபம் பாட வேண்டும். வெளியூர்க் கூட்டம் எலும்பு வைத்த பேழையைப் பார்க்க வேண்டும். ஒன்றால் மற்றது கெடக்கூடாது. அதற்காகப் பக்கக் கூடங்களை அப்படியே நீட்டி, பீடத்தின் பின்பக்கமாக வளைத்து ஒரு சுற்றுப்பாதை ஆக்கினார்கள், அந்தப் பாதையின் வெளிப்புறத்தில் சின்னச் சின்னப் பீடக்கூடுகள். நுழைந்தவர் ஒரு பக்கமாகவே போய், சுற்றி, கும்பிட்டு, மறுபக்கமாக வெளியே வந்துவிடலாம். துலூஸில் செங்கல்லால் எழுந்த சான் செர்னான் கோயிலிலும், 1075-ல் தொடங்கிய சந்தியாகோ கோயிலிலும் இதே ஏற்பாடுதான். கூட்ட நெரிசலைச் சமாளிக்கப் போட்ட கணக்கு அப்படியே கட்டட வடிவமாகிவிட்டது.

அப்புறம் அந்த மேற்கு வாசல். கதவுக்கு மேலே பொதுத்தீர்வைக் காட்சி, அதாவது உலக முடிவில் கிறிஸ்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்வது, 124 உருவங்கள், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சிற்பம், பழைய நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கிறிஸ்து, நம் இடதுகைப் பக்கம் மோட்சம், வலதுகைப் பக்கம் நரகம். எல்லாரும் நரகத்துப் பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். இரும்புச் சட்டை போட்ட வீரன் ஒருவன் குதிரையோடு தலைகுப்புறக் கவிழ்கிறான். கஞ்சன் ஒருவன் பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கில் ஆடுகிறான். ஒரு வேட்டைக்காரனைக் கம்பியில் கட்டி நெருப்பில் வாட்டுகிறார்கள், வாட்டுவது ஒரு முயல்! மடத்துக் காட்டில் திருட்டு வேட்டை ஆடியவர்களுக்கான எச்சரிக்கை என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. மடத்துத் தலைவரின் கோலோடு ஒருவர் வலையில் மாட்டிக் கிடக்கிறார், ஆக சொந்த ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. மோட்சத்துப் பக்கம் ஓர் அரசனைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள், மடத்துக்கு வாரிக் கொடுத்ததாக நம்பப்பட்ட பழைய பேரரசர் சார்லமேன் அவர் என்பார்கள். கொடுத்தவருக்கு மோட்சம், மடத்து முயலைத் திருடியவனுக்கு நரகம். மடத்தின் வரவு செலவுக் கணக்கையும் அந்தச் சிற்பத்தில் வாசிக்கலாம்.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. மோட்சத்துப் பக்கம் கீழே ஒரு மூலையில் ஃபோய் மண்டியிட்டுக் கிடக்கிறாள், மேகத்திலிருந்து கடவுளின் கை ஒன்று அவளை நோக்கி நீள்கிறது, அவளுக்குப் பின்னால் வளைவுகளில் வரிசையாக விலங்குகள் தொங்குகின்றன. கைவிலங்கு, கால்விலங்கு. கோட்டைப் பிரபுக்கள் பணத்துக்காக ஆட்களைப் பிடித்து அடைத்து வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். ஃபோயை வேண்டிக்கொண்டு தப்பியவர்கள் தங்கள் விலங்கைக் கொண்டுவந்து இந்தக் கோயிலில் போடுவார்கள். குவிந்த இரும்பு தாங்காமல் அதை உருக்கி அடித்துக் கதவுகளாக ஆக்கினார்கள் என்று பெர்னார்ட் எழுதியிருக்கிறார், பீடத்தைச் சுற்றி இன்றும் இரும்புக் கம்பித் தடுப்புகள் நிற்கின்றன. சிற்பத்தின் கீழே லத்தீனில் பாவிகளே, நடத்தையை மாற்றாவிட்டால் கடுமையான தீர்ப்பு உங்களுக்குக் காத்திருக்கிறது என்று பொறித்திருக்கிறார்கள். லத்தீன் வாசிக்கத் தெரியாதவன்கூட விலங்கை வாசித்திருப்பான். வளைவின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு மூக்கு மட்டும் தெரிய எட்டிப்பார்க்கிற சின்ன உருவங்களும் உண்டு, போகிறவர்கள் அவற்றைப் பார்க்காமல் வரக்கூடாது.

இந்தப் பிரபுக்கள் விஷயத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், ஏனென்றால் ஊர்க்கோயில் அந்த ஜனங்களுக்கு என்னவாக இருந்தது என்பது அங்கேதான் விளங்கும். மத்திய அரசு என்று ஒன்று இல்லாத காலம், கோட்டை வைத்திருப்பவன் வைத்ததுதான் சட்டம், விளைச்சல் வீடு வந்து சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. 989-ல் பிரான்சின் ஷாரூவில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கூடி, கோயிலைக் கொள்ளையடிப்பவனையும் ஏழையின் மாட்டை ஓட்டிப் போகிறவனையும் சபையிலிருந்து விலக்குவோம் என்று அறிவித்தார்கள். 1027-ல் பிரனீஸ் அடிவாரத்தில் துலூஜ் என்ற இடத்தில் ஒலிபா என்ற மடத்துத் தலைவர், அவர் விக் நகரின் ஆயரும்கூட, முன்னின்று இன்னொரு படி போனார். சனிக்கிழமை பிற்பகலிலிருந்து திங்கள் காலைவரை யாரும் யாரோடும் சண்டை போடக்கூடாது. இதோடு சேர்ந்து பிரனீசை ஒட்டிய கட்டலோனியாவில் ஒரு வழக்கம் நிலைத்தது. கோயிலைச் சுற்றி முப்பது தப்படி தூரம் புனித நிலம், அதற்குள் யார் மீதும் கை வைக்கக்கூடாது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்த முப்பது தப்படிக்குள் தங்கள் தானியத்தையும் திராட்சை மதுவையும் வைக்கச் சின்னச் சின்னக் கொட்டில்களைக் கட்டிக்கொண்டார்கள். செத்தவர்களைப் புதைப்பதும் அங்கேதான், விளைந்த தானியத்தை வைத்துக் காப்பதும் அங்கேதான். நாளடைவில் கொட்டில்கள் வீடுகளாகி, கோயிலைச் சுற்றி ஊரே உருவாகிவிட்ட இடங்கள் பல. அதையும் பின்னால் பிரபுக்கள் பலர் கைப்பற்றிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சின்ன ஊர்களில் நிற்கிற கோயிலின் தடித்த சுவரை இப்போது திரும்பிப் பாருங்கள். உள்ளே ஓடிவந்தவனுக்கு அந்தத் தடிமன் குறையாகவா தெரிந்திருக்கும்?

மற்றபடி ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம், மணி அடித்து நேரம் சொல்வது, ஊர்க்கூட்டம் எல்லாம் கோயிலைச் சுற்றித்தான். இதை விரிக்க வேண்டியதில்லை.

க்ளூனி வேறு ரகம். 910-ல் அக்விதேன் பிரபு வில்லியம் நிறுவிய மடம். அங்கே துறவிகள் நாளின் பெரும்பகுதியைப் பாடல் செபத்திலேயே கழித்தார்கள், கல்கூரைக்கடியில் குரல் முழங்கித் திரும்பி வருவது அந்தப் பாட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்திருக்கும். பீடத்தைச் சுற்றியிருந்த தூண் தலைப்பு ஒன்றிரண்டில் இசையின் சுரமுறைகளையே சிற்பமாக வடித்திருக்கிறார்கள். அவர்களுடைய முக்கியமான வேலை செத்தவர்களுக்காக வேண்டுவது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் கொண்டாடி, கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துப் போகிறார்களே, அந்தத் தேதியை ஆயிரம் வருஷத்துக்கு முன்பு தன் மடங்களுக்கெல்லாம் வகுத்துக் கொடுத்தவர் க்ளூனியின் தலைவர் ஓதிலோ. பிரபுக்கள் நிலத்தைக் கொடுத்தார்கள், துறவிகள் அவர்கள் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்கள். பூசை கூடக் கூடப் பீடங்களும் கூட வேண்டும். ரோமனெஸ்க் கோயில்களின் பின்பக்கம் அத்தனை சிற்றாலயங்கள் பிதுங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1088-ல் தொடங்கிய மூன்றாவது கோயில் 187 மீட்டர் நீளம், 16ஆம் நூற்றாண்டில் ரோமில் புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது கிடையாது. பணம்? ஸ்பெயினின் லெயோன் காஸ்டில் அரசன் ஆறாம் அல்போன்சோ வருஷத்துக்கு 2,000 பொற்காசு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். அந்தத் தங்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்றால், தெற்கே இருந்த முஸ்லிம் சிற்றரசர்கள் கட்டிய கப்பத்திலிருந்து. மனமுவந்த பக்தி என்று கட்டுரையாளர் எழுதுகிறாரே, இந்தப் பொற்காசு எத்தனை கை மாறி வந்திருக்கிறது பாருங்கள்.

மனமுவந்து தரவில்லை என்பதற்குச் சரியான சாட்சி வெஸ்லே. பர்கண்டியில் ஒரு குன்றின் மேல் இருக்கும் ஊர், மகதலா மரியாளின் எலும்பு தங்களிடம் இருப்பதாகச் சொல்லிப் பெரிய கூட்டத்தை இழுத்த மடம். மடத்துத் தலைவர் ஆர்த்தோ பெரிதாகக் கட்டத் தொடங்கினார், 1104-ல் புதிய பீடப்பகுதி மந்திரிக்கப்பட்டது, செலவுக்கு ஊரார் தலையில் வரி ஏறியது, 1106-ல் ஜனங்கள் கிளர்ந்து அவரைக் கொன்றே போட்டார்கள். 1120 ஜூலையில் மகதலா மரியாள் திருநாளை ஒட்டிக் கூட்டம் நிறைந்திருந்த கோயிலில் தீப்பிடித்து ஏராளமான பயணிகள் செத்தார்கள். மறுபடி கட்டினார்கள். இன்று நாம் போய் வாய்பிளந்து பார்க்கிற கூடம் அதற்குப் பிறகு எழுந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் மறுபடியும் ஊராருக்கும் மடத்துக்கும் வருஷக்கணக்கில் சண்டை. அழகான கட்டடம்தான், சந்தேகமே இல்லை, ஆனால் கட்டியவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு கல் சுமந்தார்கள் என்று எழுதினால் அந்த ஜனங்களுக்கு நாம் செய்கிற அநியாயம்.

உள்ளேயிருந்தே எதிர்ப்புக் குரலும் எழுந்தது. கிளேர்வோ மடத்துப் பெர்னார்து, முன்னே சொன்ன பெர்னார்ட் இல்லை, இவர் வேறு, 1125 வாக்கில் எழுதிய கடிதத்தில், கோயில் தன் கற்களுக்குப் பொன் போர்த்துகிறது, தன் பிள்ளைகளை அம்மணமாக விடுகிறது என்று க்ளூனிக்காரர்களை வறுத்தெடுத்திருக்கிறார். செபம் சொல்கிற இடத்தில் குரங்குக்கும் சிங்கத்துக்கும் பாதி மனிதன் பாதி மிருகத்துக்கும் என்ன வேலை, வெட்கமில்லாவிட்டாலும் செலவையாவது பார்க்கக் கூடாதா என்று கேட்டார். அவருடைய சிஸ்டர்சியன் சபை கட்டிய ஃபோன்தெனே கோயில் 1147-ல் மந்திரிக்கப்பட்டது. சிற்பம் கிடையாது, கோபுரம் கிடையாது, சுவரும் வெளிச்சமும் மட்டும். ஆனால் பாருங்கள், அதற்கு முந்தின வருஷம்தான் அவரே வெஸ்லேயில் நின்று, அந்தச் சிற்பங்கள் நிறைந்த கோயிலின் குன்றுச்சரிவில், இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டினார். செலவுக் கணக்கு பார்த்த அதே மனிதர்.

டர்ஹாமுக்கு இன்னொரு முறை வருகிறேன், அதன் முகமே வேறு. 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், 1069-70-ல் வட இங்கிலாந்தை எரித்துச் சூறையாடினார்கள், பிறகு அங்கேயிருந்த பழைய கோயிலை இடித்துவிட்டு ஆற்றுக்கு மேலே கோட்டைக்குப் பக்கத்தில் இதை எழுப்பினார்கள். யார் ஆள்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். உள்ளே மேற்குப் பக்கம் தரையில் கறுப்புச் சலவைக்கல் கோடு ஒன்று ஓடுகிறது, அந்தக் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டிப் புனித கத்பெர்ட்டின் கல்லறைப் பக்கம் வரக்கூடாது என்று இருந்தது. அதே கோயிலின் வடக்குக் கதவில் ஒரு வெண்கல முகம், வாயில் வளையம். அன்றைக்குக் கொலை செய்துவிட்டு ஓடிவருகிறவன் அந்த வளையத்தைத் தட்டினால் கதவு திறக்கும், 37 நாள் யாரும் அவனைத் தொட முடியாது, அதற்குள் அவன் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். ஒரே கட்டடம்தான், கொலைகாரனுக்குத் திறந்த வாசல், பெண்ணுக்குத் தரையிலேயே கோடு. இதையெல்லாம் விட்டுவிட்டுத் தடித்த சுவர் என்று மட்டும் எழுதினால் எப்படி?

இந்தப் பாணியை இளக்காரமாகப் பார்ப்பது புதிதும் இல்லை. ஓட்டன் கோயிலின் வாசலில் 1130 வாக்கில் செதுக்கிய பொதுத்தீர்வைச் சிற்பம் இருக்கிறது, பிரம்மாண்டமான இரண்டு கைகள் ஒருவனின் தலையைக் கவ்வித் தூக்குகிற அந்த இடத்தைப் பார்த்தால் இன்றும் வயிற்றைப் பிசையும். 1766-ல் அந்தக் கோயிலின் குருக்களே இது அசிங்கமாக இருக்கிறது என்று சுண்ணாம்பு பூசி மூடிவிட்டார்கள், துருத்திக்கொண்டிருந்த கிறிஸ்துவின் தலையை உடைத்தே எடுத்துவிட்டார்கள். 1837-ல் பூச்சை உரித்தார்கள், தலை திரும்பி வந்து ஒட்டியது 1948-ல். அதே கோயிலின் வடக்கு வாசலில் இருந்த ஏவாள் சிற்பம் ஒரு வீட்டுச் சுவரில் கட்டுக்கல்லாகக் கிடந்து 1856-ல் அகப்பட்டது. பூசி மூடியதால்தான் வாசல் சிற்பம் பிரெஞ்சுப் புரட்சிக்காலத்து உடைப்பிலிருந்து தப்பியது என்றும் சொல்வார்கள், அது அதிர்ஷ்டம். க்ளூனிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புரட்சிக்குப் பிறகு அதை வாங்கிய வியாபாரிகள் கல்லுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து விற்றார்கள், பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. கோங்க் கிராமத்தார் மட்டும் கெட்டிக்காரர்கள். புரட்சி ஆட்கள் வருவதற்குள் மடத்துப் பொக்கிஷத்தைத் தங்கள் வீடுகளில் பிரித்து ஒளித்து வைத்து, அமளி அடங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொன்போர்த்திய ஃபோய் இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு திருத்தம், இதையாவது கட்டாயம் வெளியிடுங்கள். கட்டுரையோடு போட்டிருந்த பீசா சாய்கோபுரப் படத்தின் கீழே கோதிக் கட்டடக்கலையின் அதிசயம் என்று அச்சிட்டிருந்தீர்கள். அது தனிக் கோபுரம் இல்லை, பக்கத்தில் நிற்கிற பேராலயத்தின் மணிக்கூண்டு, 1173-ல் தொடங்கியது, அடுக்கடுக்காக அரைவட்ட வளைவுகள் ஓடுவதைப் படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். பேராலயம் 1063-ஐ ஒட்டித் தொடங்கியது, சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொண்டுவந்த கொள்ளைப் பணத்தில் கட்டினோம் என்று பீசாக்காரர்கள் முகப்பிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டுமே ரோமனெஸ்க். தொடரின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள், அதில் படக்குறிப்பையும் அந்த மூன்று வரிகளையும் சரிசெய்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சி